கம்பவுண்டர் கொலை செய்யவில்லை

என் கண்ணான தம்பி தசரதனுக்கு,

உன் கதைகளில் கொலை செய்யாதவர்களைப் பிடித்துக் கொலைகாரர்கள் ஆக்கிவிட்டார்கள். கம்பவுண்டர் கொலைகாரனாம். இன்னொரு கதையில், சுண்ணாம்பு வீட்டில் பாத்திரம் தேய்த்த ராஜாத்தி கொலைகாரியாம். தியேட்டர் வாட்ச்மேன் கொலைகாரனாம். இப்படியெல்லாம் அச்சடித்து, பளபளவென்று அட்டை போட்டு, உன் பெயரைப் பெரிதாக எழுதி விற்கிறார்கள். கொடுத்தவள் உன் மகள் நிர்மலா. வாங்கி அச்சிட்டவர் பட்டணத்துப் பதிப்பகத்தில் ஆசிரியராக இருக்கும் அரவிந்த் என்பவர். இரண்டு பேரும் நல்லவர்கள். அதனால்தான் எனக்கு ஆத்திரம் அதிகம். கெட்டவர்கள் செய்திருந்தால் நன்றாகத் திட்டிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

இந்தக் கடிதத்தை நீ மட்டும் படிக்கப் போவதில்லை. நம் புத்தகங்களைப் படித்தவர்களும் படிக்காதவர்களும் உன் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். அவர்களுக்காக உனக்குத் தெரிந்த விஷயங்களையே உன்னிடம் திருப்பிச் சொல்வேன். நீ குறுக்கே பேசாதே.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நாம் வாடகைக்குப் பிடித்த கொட்டகைக்கு முதலில் கதவே கிடையாது. பக்கத்துப் பட்டறையில் மின்சாரப் பெட்டிகளுக்கு அடித்து மீந்த நீலப் பெயின்டைக் கேட்டு வாங்கி, நீயே ஒரு கதவு செய்து பூசினாய். அந்தப் பக்கம், காலால் மிதித்து ஓட்டும் உன் பழைய அச்சு இயந்திரம். இந்தப் பக்கம் என் மெஸ். நீ காலையில் கல்யாணப் பத்திரிகையும் பில் புத்தகமும் அடிப்பாய். நான் சோறு வடிப்பேன். மத்தியானத்துக்கு மேல் நீ கொலை செய்வாய்.

அப்படித்தான் ‘நீலக் கதவு நாவல்’ பிறந்தது. மாதம் ஒரு புத்தகம். உள்ளங்கையில் அடங்கும். ஆவடி ரயிலில் ஏறுகிறவர் இறங்குவதற்குள் பாதி படித்துவிடலாம், மீதியை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். துப்பறியும் கதைகள் எல்லாம் நீ எழுதியவை. பேய்க் கதைகளைப் பாங்கியில் வேலை பார்த்த ஒருவர் பெண் பெயரில் எழுதினார். திருமுல்லைவாயிலில் இருந்து ஒரு கணக்கு வாத்தியார் சைக்கிளில் வந்து, நிலாவுக்குப் போய்வருகிற கதைகளைக் கொடுத்துவிட்டுப் போவார். நிலாவில் எப்போதும் அவருக்கு மாமியார் தொல்லை இருந்தது, நினைவிருக்கிறதா?

எனக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தவர் யாரும் இல்லை. அச்சடித்து முடித்த ஈய எழுத்துகளைப் பிரித்து அந்தந்த அறையில் போடும் வேலையை, அடுப்பு அணைந்த நேரத்தில் நானாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஈய எழுத்து இடவலம் மாறி இருக்கும். நான் கற்றதும் அப்படித்தான். பிறகுதான் தாளில் நேராகப் பார்த்தேன். இன்றைக்கும் ஆம்புலன்ஸ் முன்னால் திருப்பி எழுதியிருந்தால் எனக்கு அதுதான் சுலபம்.

இப்போது எட்டிப் பார்க்கிறவர்களுக்கு முக்கியமான விஷயத்தைச் சொல்கிறேன். புத்தகத்தைப் பதினாறு பதினாறு பக்கமாகத்தான் அச்சடிப்பார்கள். அந்தப் பதினாறுக்கு ஒரு பாரம் என்று பெயர். நீ எல்லாப் பாரத்தையும் அடித்துவிட்டுக் கடைசிப் பாரத்தை மட்டும் நிறுத்தி வைப்பாய். மத்தியானம் பட்டறை ஆட்கள் என் மெஸ்ஸில் தட்டின் முன் உட்கார்ந்ததும், அதுவரை அடித்த பக்கங்களை நான் உரக்கப் படிப்பேன். சில கதை ஒரே வேளையில் முடியும், சில கதைக்கு ஒரு வாரம் ஆகும். கடைசிப் பாரத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டு, “யார் செஞ்சது, சொல்லுங்க” என்று கேட்பேன்.

முதலில் நீதான் படித்தாய். உன் முகத்தைப் பார்த்தே கொலைகாரனைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதன் பிறகுதான் என்னிடம் தள்ளினாய். முடிவை என்னிடமும் சொல்ல மாட்டாய். நீ நீலக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருப்பாய். யாரும் சரியாகச் சொல்லாவிட்டால் கதவு திறந்தபடியே இருக்கும். ஒருத்தர் சரியாகச் சொல்லிவிட்டாலும் போச்சு, கதவு படார் என்று சாத்திக்கொள்ளும். மெஸ்ஸே எழுந்து கூத்தாடும்.

“மாத்து! மாத்து!”

நீ மாற்றுவாய். எழுதியதைப் பெட்டியில் போட்டுவிட்டு, எழுத்து அறைகளின் முன் நின்று, வாயால் சொல்லிக்கொண்டே ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கி, புது முடிவை ஈயத்திலேயே நேராகக் கோப்பாய். தாளில் எழுத உனக்குப் பொறுமை இருக்காது. அடுப்படியில் இருந்து நான் கேட்டுக்கொண்டிருப்பேன். குழம்பு கொதிக்கும் சத்தத்துக்கு நடுவே, “அவர் மெல்லத் தன் தொப்பியைக் கழற்றினார்” என்று உன் குரல் வரும். யார் அந்த அவர் என்று எனக்குக் கை ஓடாது.

பேய்க் கதைக்கு வேறு சட்டம். படிக்கும்போது சாப்பிடுகிறவன் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நிற்க வேண்டும். எல்லாரும் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அந்தப் பேய் திரும்பப் பாங்கிக்காரர் வீட்டுக்கே போய்விடும்.

நம் கடையை நடத்தியது நீயும் இல்லை, நானும் இல்லை தசரதா. லேத்துப் பட்டறை லோகுதான் நடத்தினான். அவன் வாயில் இருந்து தப்பிய கதை ‘ஐஸ் பாக்டரி மர்மம்’ ஒன்றுதான். மற்றதில் எல்லாம் கையில் சோற்றை உருட்டியபடியே சொல்லிவிடுவான். ‘கம்பவுண்டர் குடை’ படித்த அன்றைக்கு நடந்தது உனக்கு மறந்திருக்காது. மழையில் டாக்டர் செத்துக் கிடக்கிறார், வாசலில் கம்பவுண்டரின் குடை சாய்ந்திருக்கிறது. நான் நிறுத்தினேன். லோகு மோரை வாங்கி ஊற்றிக்கொண்டே சொன்னான்:

“கம்பவுண்டர் தான்க்கா. வேற யாரு?”

கதவு சாத்திக்கொண்டது. எல்லாரும் கத்தினார்கள். லோகு மட்டும் கத்தவில்லை. எழுந்துபோய்க் கதவைத் தட்டினான்.

“இன்னா அண்ணாத்தே, எப்பப் பாத்தாலும் எங்கள மாரி ஆளையே புடிச்சு உள்ள போட்ற? போன மாசம் பாத்திரம் தேய்க்கிற பொம்பள. அதுக்கு முன்ன வாட்ச்மேன். நான் இன்னா பெரிய சி.ஐ.டி.யா? எவன் ஏழையோ அவன் பேரச் சொல்றேன், கரீட்டா கீது!”

நீ கதவைத் திறந்து அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாய். அன்றைக்குச் சாயங்காலம் நீ கோத்த முடிவில்தான் விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டரே குற்றத்தை ஒப்புக்கொண்டு தன் தொப்பியைக் கழற்றினார். அதற்குப் பிறகு நீ எழுதிய கதைகளில் மில் முதலாளி மாட்டினார், கல்லூரி முதல்வர் மாட்டினார், நகைக்கடைக்காரரின் சாதுவான அண்ணன் மாட்டினார். கையால் எழுதும்போது பழைய வழக்கம் உன்னை வேலைக்காரர்களிடமே இழுத்துக்கொண்டு போகும். லோகு சொல்வான். நீ மாற்றுவாய். நீலக் கதவு நாவலுக்கு ரயில் முழுக்க ஆள் இருந்தது என்றால் அதற்குக் காரணம் அந்த முடிவுகள்தான். யாரும் நினைக்காத ஆள். நினைத்துப் பார்த்தால் அவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

இந்த முடிவுகளைத்தான் இப்போது எடுத்துவிட்டார்கள்.

நீ கண்ணை மூடிய பிறகு நிர்மலா உன் தகரப் பெட்டியைத் திறந்தாள். கட்டுக் கட்டாக உன் கையெழுத்து. அச்சான புத்தகம் ஒன்றுகூட நம்மிடம் இல்லை. பெருமழையில் உன் கொரட்டூர் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோதே ஊறிக் கூழாகிப் போயின. பெட்டி மட்டும் பரணில் இருந்ததால் தப்பித்தது. உன் மகள் அந்தக் கட்டுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய் அரவிந்திடம் கொடுத்தாள். ‘மூலப் பிரதியில் இருந்து, முதன்முறையாக முழுமையான வடிவில்’ என்று அட்டையிலேயே போட்டுவிட்டார்கள். நீ தோற்றுப்போன முடிவுகள் எல்லாம் ஜெயித்து வந்துவிட்டன.

நிர்மலா முதல் பிரதியை எனக்குத்தான் கொண்டுவந்தாள், முத்தாபுதுப்பேட்டைக்கு. மல்லிகைப்பூவும் வாங்கி வந்திருந்தாள். நான் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திறந்தேன். வீட்டுக்கு மேலே விமானம் ஒன்று தாழப் பறந்தது. அது போகிறவரை காத்திருந்து கத்தினேன்.

“கம்பவுண்டர் எப்படிடீ கொலைகாரன் ஆனான்?”

“அத்தை, அப்பா கையால எழுதினது. ஒரு எழுத்துகூட நான் மாத்தல.”

“உங்கப்பனே மாத்தினத நீ மாத்தாம வச்சிருக்க. அது போதாதா?”

“அச்சுல அவசரத்துல மாத்திருப்பாரு. மனசுல இருந்தது இதானே? அப்பா கையெழுத்தைவிட எது அத்தை ஒரிஜினல்?”

“தோத்தத எல்லாம் தூக்கிப் போட்டான். அதைப் போய்ப் பொறுக்கிட்டு வந்திருக்க.”

“தூக்கிப் போடலையே. பெட்டியில வச்சிப் பூட்டி, சாவிய இடுப்புல கட்டிட்டிருந்தாரே. வேண்டாததை யாராவது அப்படி வைப்பாங்களா?”

தம்பி, அதை மட்டும் நீ எனக்குச் சொல்ல வேண்டும். ஏன் வைத்தாய்? தாளின் பின்பக்கம் காலியாக இருந்ததாலா? உனக்கு எதையும் எறிய மனசு வராதே, அதனாலா? இல்லை, எங்கள் கூச்சலுக்குப் பயந்து மாற்றிவிட்டு, உள்ளுக்குள் கம்பவுண்டர்தான் என்று கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தாயா? அப்படி இருந்தாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஊர் உட்கார்ந்து கேட்டு, ஊர் மாற்றச் சொல்லி, நீ உன் விரலால் ஈயத்தில் கோத்ததுதான் கதை. பெட்டிக்குள் இருந்தது நீ தனியாக நினைத்தது.

நிர்மலா பூவை மேசை மேல் வைத்துவிட்டுப் போனாள். நான் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.

அன்றைக்கு மத்தியானம் கண் அசந்தபோது கம்பவுண்டர் வந்தார். இப்போதெல்லாம் எனக்குத் தூக்கம் ஆழமாக வருவதில்லை. தண்ணீரில் எண்ணெய் மிதக்கிற மாதிரி மேலாகவே நிற்கிறது. அதற்குள் யார் வேண்டுமானாலும் நடந்து வரலாம். கம்பவுண்டர் நீ எழுதிய மாதிரியேதான் இருந்தார், ஒற்றை நாடி, காதில் பென்சில். குடையில் இருந்து சொட்டிக்கொண்டிருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. “அம்மா, நான் மருந்து கலக்கத்தான் போனேன்” என்றார். எனக்குத் தெரியும் என்றேன். அவருக்குப் பின்னால் ராஜாத்தி நின்றாள், கையில் சாம்பல். விழித்துப் பார்த்தபோது தரை காய்ந்துதான் இருந்தது. ஆனாலும் நான் துணியை எடுத்து ஒரு தடவை துடைத்தேன்.

பிறகு அரவிந்தே வந்தார். தலை சீக்கிரம் நரைத்த, மெதுவாகப் பேசுகிற மனிதர். நான் ஒவ்வொரு முடிவாகச் சொல்லச் சொல்ல, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார்.

“அச்சான புத்தகம் ஒண்ணாவது காட்டுங்கம்மா. மாத்திடறேன்.”

“எனக்குத்தான் தெரியுமே. சொல்றேன், எழுதிக்குங்க.”

“நீங்க நினைவுல இருந்து சொன்னா அது உங்க கதை ஆயிடும்மா. அவர் கதை ஆகாது.”

நியாயமான பேச்சு. எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டாம் தொகுதியும் தயாராகிவிட்டது என்றார். அதில் நீ கடைசியாக எழுதி, அச்சுக்குப் போகாமலே நின்றுபோன ‘ஸ்டேஷன் மாஸ்டர் இல்லாத ஊர்’ இருக்கிறதாம். யாரும் கேட்காத கதை. ஒரு தட்டின் முன்னாலும் படிக்கப்படாத கதை. “முடிவு ரொம்ப நல்லா இருக்கும்மா” என்று ஆரம்பித்தார். நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன்.

புத்தகம் தேடிக் கிளம்பினேன். ஆவடியில் பூந்தமல்லி பஸ் பிடித்து, அங்கே இன்னொன்று மாறிக் காட்டுப்பாக்கம். லோகு அங்கே மகனோடு ஒரு அடுக்குமாடியில் இருக்கிறான். லிஃப்டுக்குள் ஒரு பெண் குரல் எந்த மாடி என்று சொன்னது. உன் கதையாக இருந்தால் அந்தக் குரல் செத்துப்போன ஒருத்தியுடையதாக இருக்கும். லோகுவுக்குக் காது மந்தம், வாய் அப்படியே இருக்கிறது.

“இன்னாக்கா, சோறு எடுத்தாந்தியா?”

“வாயில மண்ணு. புக்கு எதுனா வச்சிருக்கியாடா?”

“புக்கா? நான் எங்க படிச்சேன்? நீ படிச்ச, நான் கேட்டுகினு துன்னேன். அதோட சரி.”

விஷயத்தைச் சொன்னேன். புதுப் புத்தகத்தை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தான்.

“கம்பவுண்டர உள்ள போட்டாங்களா? அதுக்குத்தானே அன்னிக்கு அண்ணாத்தேகிட்ட சண்ட போட்டேன்! இன்ஸ்பெக்டர் இல்லக்கா, அது டாக்டரு பொண்டாட்டியோட தம்பி.”

“இன்ஸ்பெக்டர்டா.”

“மச்சினன்க்கா. கோட்டு போட்டுகினு வருவானே.”

“தொப்பியக் கழட்டினான்னு என் காதால கேட்டேன்.”

“மச்சினனும் தொப்பி போட்டுகினு இருந்தான்!”

அவன் மருமகள் காபியோடு வந்து, யாருக்கு என்ன ஆயிற்று என்று பயந்துபோய்க் கேட்டாள். “ஒரு டாக்டர கொன்னுட்டாங்கம்மா” என்றான் லோகு. அந்தப் பெண் அப்படியே நின்றுவிட்டாள். கீழே இறங்கும்போது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டரா, மச்சினனா? நான் கேட்ட குரல் உன் குரல்தானா, இல்லை இத்தனை வருஷமாக எனக்குள் நானே கோத்ததா? அரவிந்த் சொன்னது சரியோ? வெயிலில் சாலை கரைந்து ஓடியது. பஸ்களின் பெயர்ப் பலகையெல்லாம் நான் முதலில் கற்றபடி இடவலம் மாறித் தெரிந்தன.

திரும்பும் வழியில் பூந்தமல்லியில் இறங்கினேன். உனக்கு நினைவிருக்கும், அங்கே ஒரு வாடகை நூல் நிலையம் நம் புத்தகங்களை மாதம் தவறாமல் வாங்கும். இப்போது அது ஜெராக்ஸ் கடை. நூல் நிலையத்தை நடத்தியவரின் மகன்தான் உட்கார்ந்திருக்கிறார். அப்பா காலத்துப் புத்தகங்களை எடைக்குப் போட்டாயிற்று, ஒரு சாக்கு மட்டும் மெஷின் ஆடாமல் இருக்க அடியில் கிடக்கிறது என்றார். கெஞ்சினேன். அவருக்கு வாடிக்கையாளர் காத்துக்கொண்டிருந்தார்கள். “பாட்டி, நாளைக்கு வாங்க” என்றார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் பிடிவாதம்தான் உனக்குத் தெரியுமே. வேறு வழியில்லாமல் மெஷினைத் தூக்கிச் சாக்கை உருவிக் கொடுத்தார்.

கறையான் தின்றது போக, அடியில் ‘கம்பவுண்டர் குடை’ இருந்தது. நம் நீலக் கதவுப் படம் அட்டையில் அழியாமல் இருந்தது. அவசரமாகப் பின்பக்கம் புரட்டினேன். கடைசிப் பாரம் இல்லை தம்பி. தனியாக அடித்துத் தனியாகச் சேர்த்தது அல்லவா, அதுதான் முதலில் கழன்றுபோகும். டாக்டர் வீட்டு வாசலில் மழை பெய்துகொண்டிருக்கிறது, அதோடு சரி. எனக்கு அழுகை வந்தது.

ஜெராக்ஸ்காரர் பயந்துவிட்டார். புத்தகத்தை என் கையில் இருந்து வாங்கி, முன்பக்கம் திறந்து, ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்று, “இது பாருங்க பாட்டி, யாரோ என்னமோ கிறுக்கியிருக்காங்க” என்றார்.

முதல் பக்கத்தில், கதை தொடங்கும் இடத்துக்கு மேலே, ஊதா மையில், கொட்டை எழுத்தில் ஒருவன் எழுதியிருந்தான்: ‘இன்ஸ்பெக்டர்தான் கொலைகாரன். இனிமே படிச்சு இன்னா பண்ணப் போற?’

வாடகைப் புத்தகத்தில் இப்படி எழுதுகிற பயல்களை நீ எவ்வளவு சபித்திருப்பாய்! கையில் கிடைத்தால் விரலை ஒடிப்பேன் என்பாய். அவன் எங்கே இருக்கிறானோ. இருந்தால் இன்றைக்கு அவனைக் கூப்பிட்டு வடை பாயசத்தோடு சோறு போடுவேன். நான் சிரித்த சிரிப்பில் ஜெராக்ஸ் எடுக்க வந்த காலேஜ் பெண்கள் எல்லாம் சிரித்தார்கள், எதற்கு என்று தெரியாமலே.

ஆவடிக்குத் திரும்பி, பட்டாபிராமில் இருந்து வந்த ரயிலில் ஏறி, அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நிர்மலாவைப் பார்க்கப் போனேன். அவள் வேலை பார்ப்பது நம் எஸ்டேட்டில்தான். நம் கொட்டகை இருந்த தெருவிலேயே இப்போது கண்ணாடிக் கட்டடம். ரயிலில் கண் சொக்கியது. அண்ணனூர் தாண்டியதும் ரயில் நின்றது. நீ உன் கதைகளுக்காக அங்கே ஒரு ஊரைக் கட்டினாயே, தாழம்பேடு, அட்டவணையில் இல்லாத ஸ்டேஷன், அங்கேதான். பிளாட்பாரத்தில் ஐஸ் பாக்டரி ஆட்கள் வெள்ளையாக மூச்சு விட்டபடி நடந்தார்கள். கணக்கு வாத்தியார் சைக்கிளை நிலாவின் மேல் சாய்த்துவிட்டு பீடி பற்றவைத்தார். கம்பவுண்டர் குடையைச் சுருக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என் பெட்டியில் ஏறினார். இந்தத் தடவை உட்கார்ந்தார். நீ இருக்கிறாயா என்று ஜன்னல் வழியாகத் தேடினேன். ரயில் நகர்ந்துவிட்டது.

நிர்மலா வாசலுக்கு வந்தாள். பக்கத்தில் தள்ளுவண்டிகள், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, பிள்ளைகள் நின்றபடியே தட்டைக் கையில் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் முதல் பக்கத்தைத் திறந்து காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். ஊதா மையின் மேல் விரலால் தடவினாள்.

“அப்பா பாத்திருந்தா கொதிச்சிருப்பாரு.”

“கொதிக்கட்டும். யாரு சொன்னது சரி?”

“நீங்க சொன்னதுதான் அத்தை.” புத்தகத்தை மூடிக்கொண்டே, “ஆனா அந்தப் பெட்டி சாவி...” என்றாள்.

“அது எனக்கும் தெரியலடி” என்றேன். அது உண்மைதானே?

அங்கேயே நின்று அரவிந்துக்குப் போன் போட்டாள். ஒரு வரிக் கிறுக்கலை வைத்துப் பதினாறு பக்கம் எழுத முடியாது என்றாராம். ஆனால் முடிவு வேறு என்பதற்கு இது போதும், இரண்டாம் தொகுதியை நிறுத்திவைக்கிறேன் என்றாராம். நல்ல மனிதர்தான். நான் சொன்னேனே.

ஆகவே இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். எட்டிப் பார்க்கிறவர்களும் காதைத் தீட்டிக் கேளுங்கள்.

நீலக் கதவு நாவல் யார் வீட்டுப் பரணில், யார் கடைச் சாக்கில் இருந்தாலும், அதை அந்த வீட்டார் எடைக்குப் போடக் கூடாது. அட்டை வேண்டாம், நடுப்பக்கம் வேண்டாம். கடைசிப் பாரம் மட்டும் போதும், அதை நிர்மலாவுக்குச் சேர்ப்பிக்க வேண்டும். அரவிந்த், விற்காமல் இருக்கும் பிரதிகளின் அட்டையில் உள்ள ‘முழுமையான’ என்கிற சொல்லின் மேல் தாள் ஒட்ட வேண்டும். அசல் முடிவு கிடைக்காத கதைகளை, ‘கம்பவுண்டர் குடை’ மழையோடு நின்ற மாதிரி, கடைசிப் பாரத்துக்கு முன்னால் நிறுத்தி, கீழே வெற்றிடம் விட வேண்டும். யாரும் தன் சொந்தச் சரக்கை அங்கே ஊற்றக் கூடாது, நான் உட்பட. உன் பழைய முடிவுகளை நிர்மலா விரும்பினால் கடைசியில் சின்ன எழுத்தில் போட்டுக்கொள்ளலாம், ‘இவை தோற்றவை’ என்ற தலைப்போடு. அதற்கு மேல் நான் இறங்கி வர மாட்டேன்.

‘ஸ்டேஷன் மாஸ்டர் இல்லாத ஊர்’ சோற்றுக்கு முன் படிக்கப்படாமல் அச்சேறக் கூடாது. அந்தக் கண்ணாடிக் கட்டடத்து ஆட்களை மத்தியானத்தில் தள்ளுவண்டிப் பக்கம் கூட்டிச் சேர்ப்பது நிர்மலாவின் வேலை. லோகுவைக் காட்டுப்பாக்கத்தில் இருந்து அழைத்து வருவது அவன் மகன் வேலை. அவனை முன்னால் உட்கார வைக்க வேண்டும், காது கேட்க வேண்டுமே. கடைசி அத்தியாயத்தை அரவிந்த் உறையில் போட்டு ஒட்டித் தன் பையிலேயே வைத்திருக்க வேண்டும். படிப்பது நான். குரல் கொஞ்சம் கம்மியிருக்கிறது, ஆனாலும் பஸ் ஹாரனைத் தாண்டும்.

நீ செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அவர்கள் கண்டுபிடித்துவிட்டால் நீ வருத்தப்படக் கூடாது. மாற்றி எழுத வேண்டியவள் உன் மகள். “அப்பா கதையில நான் எப்படி அத்தை கை வைக்கிறது?” என்று இப்போதே அழுகிறாள். வைப்பாள். அவள் முடிவைச் சொல்லி முடிக்கிறவரை அங்கே ஒருத்தரையும் கை கழுவ எழுந்திருக்க விடமாட்டேன். இது உன் மேல் சத்தியம்.

சோறு வடித்த கையோடு உன் கதைகளை ஊருக்குப் படித்த,
உன் கூடப் பிறந்த அக்கா
பச்சையம்மாள்
முத்தாபுதுப்பேட்டை